இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்ய எந்த கேமரா? கார்டு, ஆடியோ, சேமிப்பு பற்றியும் சொல்லுங்கள்

செய்யாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் செய்யாறு தாலுகாவில் பள்ளி ஆசிரியர். என் தாய்மாமா கூத்து ஜமா, அதாவது ஆடும் குழு, நடத்துகிறார். பங்குனியில் கிளம்பினால் புரிசைப் பக்கம், வந்தவாசி, ஆரணி என்று ஆடி முடியும்வரை வீடு தங்கமாட்டார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. துரியோதனன் வேஷத்தை இன்னும் அவர்தான் கட்டுகிறார். இந்த வருஷம் மூச்சு வாங்கியதைப் பார்த்தபிறகு, அவர் ஆடுவதை முழுசாகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று ஜமாவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். யூட்யூபுக்குப் போடும் ஐந்து நிமிடத் துண்டு வேண்டாம். திரைக்குப் பின்னால் பாடி வருவதிலிருந்து மங்களம் வரை, கற்றுக்கொள்ளும் பையன்கள் அடவை, அதாவது கால் வைப்பை, பார்த்துப் பழகும்படி வேண்டும்.

நிலவரம் இதுதான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு வரை ஆட்டம். மூங்கிலில் கட்டிய இரண்டு எல்இடி ஃபோகஸ், சுற்றிலும் டியூப் லைட். கரண்ட் ஜெனரேட்டரில் இருந்து. மைக் செட்காரர் களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, மேலே கம்பி கட்டி மைக் தொங்கவிடுவார்.

போன சீசனில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னோம். போட்டோ எடுக்கும் கேமராவைக் கொண்டுவந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை அது தானாக நின்றுவிடும், பையன் ஓடிப்போய் மறுபடி அமுக்க வேண்டும். மாமாவின் திரைப் பிரவேசம் வந்தபோது பையன் டீ குடிக்கப் போயிருந்தான். வீடியோவில் திரை விலகிய பிறகுதான் மாமா இருக்கிறார். சத்தமோ, கூம்பு ஸ்பீக்கர் அலறல் மட்டும்.

அதனால் ஜமாவுக்கென்றே ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு. எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் புரட்ட முடியும். 4கே வேண்டுமா, எச்டி போதுமா? லென்ஸ் மாற்றும் கேமராவா, கையில் பிடிக்கும் வீடியோ கேமராவா? எட்டு மணி நேரத்தை எதில் பதிந்து எங்கே வைப்பது? இயக்கப்போவது என் அண்ணன் மகன். பாலிடெக்னிக் படிக்கிறான், இதுவரை போனில் மட்டும்தான் எடுத்திருக்கிறான்.

பிக்சல் பையன்

அண்ணா, அரை மணிக்கு நிற்பதெல்லாம் பழைய கதை. ஐரோப்பாவில் முப்பது நிமிடமும் அதற்கு மேலும் பதியும் கருவி என்றால் வீடியோ கேமரா என்று கணக்கு வைத்து அதிகச் சுங்கவரி போட்டார்கள். அதற்காகவே கம்பெனிகள் 29 நிமிடம் 59 விநாடியில் நிறுத்திவைத்தன. இப்போது வரும் பல கேமரா பாடிகளில் அது கிடையாது. சோனி ஏ7எஸ்3, எஃப்எக்ஸ்3 இரண்டுமே நிற்காமல் ஓடும். எஃப்எக்ஸ்3-ல் உள்ளே விசிறியே இருக்கிறது. எஸ்-லாக்3-ல் (பின்னால் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) ஐஎஸ்ஓ 12800-ல் வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில்கூடப் படத்தில் அதிகம் புள்ளி இல்லாமல் வரும். ஒரு 70-200 எம்எம் எஃப்2.8 லென்ஸ் (எஃப் எண் சின்னதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) போட்டால் படம் சினிமா மாதிரி இருக்கும். பட்ஜெட் இடித்தால் எஃப்எக்ஸ்30 பாருங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். கேம்கார்டரில் பணத்தைப் போடாதீர்கள்.

வந்தவாசி வீடியோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தம்பி சொன்னதில் தகவல் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொல்வது கல்யாணத்துக்கு. நான் பிடி170 என்ற பழைய சோனி கேமராவில் டேப் போட்டு எடுத்த காலத்திலிருந்து திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டேப் அறுபது நிமிடம், ஒரு ராத்திரிக்கு எட்டு டேப். டேப் மாற்றும் நேரம் பார்த்துத்தான் முக்கியமான வேஷம் வரும். அதனால் கூத்துக்கு கேமரா என்றால் நான் முதலில் பார்ப்பது படத்தின் அழகை அல்ல, விடியும்வரை நிற்காமல் ஓடுமா என்பதைத்தான்.

முதலில் ஃபோகஸ். முழு ஃபிரேம் சென்சாரில் 200 எம்எம், எஃப்2.8 வைத்துப் பத்து மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக இருக்கும் ஆழம் அரை மீட்டர்கூட இல்லை. உங்கள் மாமா கட்டை (வேஷத்துக்கான மர அணிகள்) கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுழன்றாலே அதைத் தாண்டிவிடுவார். ஒரு இன்ச் சென்சார் கேமராவில் அதே அளவு படம் எஃப்4-ல் எடுத்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். போன் மட்டுமே தெரிந்த பையன் இதில் தப்பிப்பான், அதில் மாட்டுவான். இருட்டில் பெரிய சென்சார்தான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஃபோகஸ் லைட் இருக்கும் களரி அவ்வளவு இருட்டு இல்லை.

ஆட்டோஃபோகஸை நம்பி உட்காராதீர்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்கும்போது கேமரா திரைத்துணியைத்தான் பிடித்துக்கொள்ளும். திரை விலகும் அந்த நொடியில் முன்னும் பின்னும் தேடும், நீங்கள் எதற்காகப் பதிகிறீர்களோ அது மங்கலாகப் போய்விடும். திரையைப் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றி, பிடித்திருப்பவரின் கைக்கு ஃபோகஸ் வைத்துவிடச் சொல்லுங்கள். வேஷக்காரர் அதற்கு ஒரு முழம் பின்னால்தான் நிற்பார். லைட்டைச் சுற்றும் பூச்சி லென்ஸ் முன்னால் பறந்தாலும் இதே தொல்லைதான். அரிதாரம் பூசிக் கிரீடம் வைத்த முகத்தை, முகம் தேடும் வசதி சில நேரம் முகம் என்றே ஒத்துக்கொள்ளாது.

மாடலுக்கு வருகிறேன். சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90 உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும். ஒரு இன்ச் சென்சார், 12 மடங்கு ஜூம், இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட், இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் இணைப்பு, உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். பானசோனிக் ஏஜி-யுஎக்ஸ்180 கொஞ்சம் பெரியது, ஆனால் 20 மடங்கு ஜூம், அதாவது 24-லிருந்து 480 எம்எம் வரை. அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியில் நின்று பாடி, எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே போடும்போது முகம் வேண்டும் என்றால் இந்த ஜூம் உதவும். இசட்90-ன் 348 எம்எம்மில் ஆள் தெரிவார், கண் தெரியாது. இரண்டில் எது நல்ல நிலையில், பில்லோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றாலும் தப்பில்லை. பழைய என்எக்ஸ்100-கூட எச்டிக்கு மட்டும் என்றால் இன்னும் நன்றாக உழைக்கும். நம் பக்கம் பாதி கல்யாண ஸ்டுடியோவில் அதுதான் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த லென்ஸ்கள் அகலத்தில் எஃப்2.8, ஜூம் முழுக்கப் போனால் எஃப்4.5. கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். அதனால் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று இழுக்காதீர்கள். முன்வரிசையில் தூங்கும் பிள்ளைகளுக்கு நேர் பின்னால், பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, ஒரு மேஜை போட்டு அதன்மேல் ட்ரைபாட். ஊர்ப் பெரியவரிடம் முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டிய இடம் அது.

4கேயா எச்டியா என்றால், ஆடுபவரைத் தொடர்ந்து திருப்பித் திருப்பி எடுக்கும் கேமராவில் எச்டி. இசட்90-ல் எச்டி 50பி-ஐ (விநாடிக்கு 50 படம்) 50 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 50 மெகாபிட்) வைத்தால் 10 பிட், 4:2:2 நிறம், அதாவது நிற விவரம் அதிகம். அதே கேமராவின் 4கே 8 பிட், 4:2:0 தான், அதுவும் 50பி கிடையாது. சுழன்றாடும் கால்களை 25பி-ல் எடுத்தால் அடவு இழுவிக்கொண்டு தெரியும். கற்றுக்கொள்ளும் பையனுக்கு அது பயன்படாது. 4கே உதவுவது வேறு இடத்தில். அசையாமல் முழுக் களரியும் தெரிய வைக்கும் இரண்டாவது கேமராவுக்கு. அதிலிருந்து வேண்டிய பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அது இப்போதைக்கு வேண்டாம், பணம் மிஞ்சினால் பார்ப்போம்.

இப்போது கார்டு கணக்கு, இதுதான் முக்கியம். 50 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 22.5 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 180 ஜிபி. 256 ஜிபி கார்டு ஒன்றில் ஒரு ராத்திரி முழுசாக அடங்கி, மிச்சமும் இருக்கும். ஆகவே ரிலே பதிவு, அதாவது ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவுவது, உங்களுக்குத் தேவையே இல்லை. இரண்டு ஸ்லாட்டிலும் 256 போட்டு, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும் முறையில் வையுங்கள். காலையில் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதே கையில் இரண்டு பிரதி. ஒன்று பையன் சட்டைப்பையில், இன்னொன்று உங்கள் பையில். ஒரே வண்டியில் வந்தாலும் ஒரே பையில் வரக்கூடாது. வேகத்துக்கு வி30 என்று போட்ட கார்டு தாராளம். விநாடிக்கு 30 மெகாபைட் எழுதும், உங்களுக்குத் தேவை ஏழு மெகாபைட்கூட இல்லை. வி90-க்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு முழுக் கொள்ளளவும் நிஜம்தானா என்று பாருங்கள். 256 என்று அச்சடித்த 32 ஜிபி கார்டெல்லாம் சந்தையில் உலாவுகிறது.

கரண்ட். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற நடுராத்திரியில் ஒருமுறை நிறுத்தத்தான் செய்வார்கள். லைட் போனாலும் கேமரா நிற்கக்கூடாது. அடாப்டரும் பெரிய பேட்டரியும் சேர்த்து மாட்டி ஓடவிட்டு, கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பதிவு அறுந்தால் அந்தக் கேமரா வேண்டாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் லைட் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 விநாடி வைத்தால் தப்பித்தோம், 1/60 வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். ஜெனரேட்டர் சரியாக 50-ல் ஓடாமல் இழுத்தால் 1/50-லும் மெல்லிய பட்டை வரலாம். சில புரொபஷனல் கேமராக்களில் ஷட்டரை இம்மி இம்மியாக நகர்த்தும் வசதி உண்டு, அதில் பட்டை நிற்கும் இடத்தில் விட்டுவிடலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் 50 ஹெர்ட்ஸ் மோட் இருக்கிறதா என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

வெளிச்சத்தில் ஒரே ஒரு விஷயம். புஜக்கட்டையிலும் கிரீடத்திலும் ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சில்லு ஃபோகஸ் லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும். லென்ஸ் துவாரத்தைக் கேமராவே திறந்து மூடும் ஆட்டோ ஐரிஸில் விட்டால் கேமரா அதைப் பார்த்து பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், சிவப்பு அரிதாரம் பூசிய முகம் கறுத்துப்போகும். மேனுவலில், கண்ணாடி வெளுத்துப்போனால் போகட்டும் என்று விட்டு, நெற்றிக்கும் கன்னத்துக்கும் அளவு வையுங்கள். லாக் எல்லாம் வேண்டாம். ஒயிட் பேலன்ஸை ஃபோகஸ் லைட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்து ஒருமுறை வைத்துவிட்டு, கிழக்கு வெளுக்கும்போது மறுபடி ஒருமுறை.

மூன்று லட்சத்தையும் கேமராவில் கொட்டாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் கூத்து பாதி புரியும், காதைப் பொத்திக்கொண்டால் ஒன்றும் புரியாது. சத்தத்துக்கு ஒதுக்குங்கள். அதை என்னைவிடத் தெரிந்தவர் இங்கே இருக்கிறார்.

செய்யாற்றங்கரை

ஐயா, பிரின்ட் எடுத்து அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டேன். டேப் என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. மாமா வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை நிறைய சின்ன டேப் கிடக்கிறது, மினி டிவி என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காரர் யாரோ அப்போது எடுத்தாராம். மாமா முழுத் தெம்போடு ஆடியது அதில் இருக்கும். பார்க்க வழி உண்டா? சத்தம் பற்றித் தெரிந்தவரும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஒலிக்கம்பி

வந்தவாசி அண்ணன் என்னைத்தான் மாட்டிவிடுகிறார். சவுண்ட் சர்வீஸ் குடும்பம் எங்களுடையது.

ஸ்பீக்கரைப் பதியாதீர்கள், மிக்சரிலிருந்து எடுங்கள். மைக் செட்காரரிடம் மிக்சர் அவுட் ஒன்று கேட்டு, அதைக் கேமராவின் முதல் எக்ஸ்எல்ஆரில் கொடுங்கள். கேமராவில் அந்தச் சேனலின் சுவிட்ச் லைனில் இருக்க வேண்டும், மைக்கில் இருந்தால் சத்தம் கிழிந்துபோகும். மைக்குக்குக் கரண்ட் அனுப்பும் 48 வோல்ட் சுவிட்ச் அணைத்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் எர்த்தும் கேமரா அடாப்டரும் சேர்ந்தால் ங்ங்ங் என்று ஒரு ஹம் வரும். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று போட்டால் போய்விடும், விலை பெரிதில்லை.

ஆனால் மிக்சரில் வருவது மட்டும் போதாது. தொங்கும் மைக்கில் வேஷக்காரர் குரலும் சலங்கையும் வரும், பின்பாட்டுக்கு முன்னால் ஒரு மைக் இருந்தால் ஆர்மோனியப் பெட்டியும் வரும். முகவீணைக்கும் (ஊதும் சின்னக் குழல் வாத்தியம்) டோலக்குக்கும் மைக்செட்காரர் பெரும்பாலும் தனி மைக் வைக்கமாட்டார், அவை தாமாகவே ஊருக்குக் கேட்கும். அதனால் பதிவில் அவை எங்கோ தூரத்தில் கேட்கும். இரண்டாவது சேனலுக்கு உங்கள் சொந்த மைக் ஒன்று, பெஞ்சுக்கு ஓரமாக, மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில். முகவீணையின் வாய்க்கு நேராக மட்டும் வைக்காதீர்கள், கூராகக் குத்தும்.

ஆட்டோ லெவலை அணையுங்கள். அதை விட்டால், வசனம் பேசி நிறுத்தும்போதெல்லாம் ஜெனரேட்டர் சத்தம் மேலே எழும்பி வரும். சாதாரணமாக மைனஸ் 20 டெசிபெல் பக்கம் முள் நின்றால் போதும், துரியோதனன் கர்ஜித்தால் மைனஸ் 6 வரை போகட்டும்.

தனி ரெக்கார்டர் வைக்கப் பணமிருந்தால் ஜூம் எஃப்3 மாதிரி 32 பிட் ஃபுளோட் கருவி நல்லது. லெவல் தவறினாலும் பின்னால் சரி செய்யலாம், எட்டு மணி நேரம் இரண்டு சேனலுக்கு 11 ஜிபிதான் ஆகும். ஒரு சிக்கல், கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. பத்து மணிக்குச் சேர்த்தது விடியற்காலையில் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாக இருக்கும். எடிட்டில் ஒவ்வொரு வேஷம் வரும் இடத்திலும் வெட்டி, கேமரா ஆடியோவோடு மறுபடி பொருத்திக்கொள்ள வேண்டும்.

வட்டு அலமாரி

சேமிப்புக்கு நான். கார்டிலிருந்து வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கேமரா ஒரே பதிவைத் துண்டு துண்டாக எழுதியிருக்கலாம், அப்போது அவற்றை ஒட்டும் விவரம் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். கார்டில் இருப்பதை அப்படியே முழுசாக ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். பெயர் தேதி, ஊர், அன்றைய கூத்து. டெராகாப்பி மாதிரி நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றில் வெரிஃபை கொடுத்து நகலெடுத்தால் பிழை இருந்தால் சொல்லிவிடும்.

ஒரே மாதிரி இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றிலும் இருபது ராத்திரிக்குக் குறையாமல் பிடிக்கும். ஒன்று மாமா வீட்டில், ஒன்று உங்கள் வீட்டில். அலமாரியில் வருஷக்கணக்கில் வைத்திருக்க எஸ்எஸ்டி வேண்டாம், கரண்ட் ஏறாமல் கிடந்தால் அதில் எழுதியது மெல்ல அழியும். இரண்டு டிஸ்க்கிலும் ஏறிச் சரிபார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும், அதையும் கணினியில் இல்லாமல் கேமராவிலேயே. மூன்றாவது பிரதிக்கு யூட்யூபையே பிரைவேட்டாகப் பயன்படுத்தலாம். சரிபார்க்கப்பட்ட (வெரிஃபைட்) யூட்யூப் கணக்கு என்றால் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, இதில் எது குறைவோ அதுவரை ஒரே வீடியோவாக ஏற்கும். தரம் குறையும், ஆனால் வீடு இரண்டும் வெள்ளத்தில் போனாலும் ஏதோ ஒன்று இருக்கும்.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். யார் எந்த வேஷம், பின்பாட்டு யார், முகவீணை யார், எந்த மணிக்கு எந்தப் பிரவேசம். இதை மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பொதுவில் போடுவதாக இருந்தால் ஜமாவில் ஒவ்வொருவரிடமும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

வந்தவாசி வீடியோ

மஞ்சள் பையைப் பற்றி. டேப்பை வெயிலில் காயவைக்கிறேன் என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாலே வெள்ளையாகத் தெரியும், அவற்றைத் தனியே வையுங்கள். அதை ஓட்டினால் பிளேயரின் ஹெட் கெட்டு மற்ற டேப்பும் ஓடாது. நல்ல டேப்பை மினி டிவி கேமரா அல்லது டெக்கிலிருந்து ஃபயர்வயர் கேபிளில் பழைய கணினிக்கு இழுக்கலாம். மணிக்கு 13 ஜிபி வரும், டேப்பில் இருப்பது அப்படியே வரும், தரம் ஒரு துளியும் குறையாது. மஞ்சள் சிவப்பு வெள்ளைக் கம்பியில் டிவிடிக்கு ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஓடும் டெக் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் கேமராவுக்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள். என்னிடம் ஒரு டெக் ஓடுகிறது. உங்கள் ஊரிலிருந்து வந்தவாசி பஸ் ஏறி வந்தால் நாமே ஏற்றலாம்.

செய்யாற்றங்கரை

ஞாயிற்றுக்கிழமை பையோடு வருகிறேன் ஐயா. மாமாவும் வருகிறேன் என்கிறார். டேப்பில் இருக்கும் கர்ணன் யார் என்று அவருக்குத்தான் தெரியுமாம். இசட்90 ஒன்று வேலூரில் செகண்ட் ஹேண்டாக இருக்கிறது, அண்ணன் மகன் பார்த்துவிட்டு வந்தான். பிளக்கைப் பிடுங்கினானாம், ஓடியதாம். கார்டு ஸ்லாட் இரண்டும் எழுதுகிறதா என்று மட்டும் மறந்துவிட்டான், மறுபடி அனுப்புகிறேன்.